செங்காலி கொடுத்த இறகு

ஆவாரங்குட்டைக்கு மேற்கே, சூரைப் புதர்கள் அடர்ந்த காட்டில், செங்காலி என்றொரு கௌதாரி நான்கு குஞ்சுகளோடு வாழ்ந்துவந்தாள். அவள் கணவன் மார்கழிப் பனியில் மேயப்போய் ஒரு வேடனின் கண்ணியில் மாட்டிக்கொண்டான். அதன் பிறகு புல்விதை பொறுக்குவதும், கறையான் தேடுவதும், வல்லூறு வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பதும் எல்லாம் அவள் ஒருத்தியின் வேலையாகிவிட்டன.

அந்தக் காட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. குட்டைக்கரைப் புல்வெளியில் யார் எதைச் சேர்த்தாலும் அதில் ஒரு பங்கை யானைத் தலைவியின் களஞ்சியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். கோடையில் குட்டையைத் தூர்வாருகிறவர்களுக்கும், காட்டுத்தீ பரவாமல் காய்ந்த புல்லை அகற்றுகிறவர்களுக்கும் அதிலிருந்துதான் சாப்பாடு.

ஆனால் கொஞ்சமாகச் சேர்த்தவர்களின் பங்கைக் காடு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் உண்டு. மாசி மாதத்தில் யானைத் தலைவியின் முன்னால் வந்து, இவ்வளவு சேர்த்தேன், வீட்டில் இத்தனை வாய் இருக்கிறது என்று கணக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் கொடுத்த பங்கு திரும்பி வரும். குஞ்சுகுட்டி அதிகம் உள்ளவர்களுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் வரும். சொல்லாதவர்களுக்கு ஒன்றும் வராது.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். யானையின் காலடியில் நின்று பார்த்தால்தான் தெரியும். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று ஒரு முறை இருந்தது. முறை தவறினால் கரடிக் காவலன், “மறுபடியும் யோசித்துக்கொண்டு வா” என்று அனுப்பிவிடுவான். சின்ன உயிர்கள் பலவற்றுக்கு அங்கே போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன வருடம் வரை செங்காலியின் கணவன்தான் போய்ச் சொல்லிவிட்டு வருவான். அவன் என்ன சொன்னான் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இப்படித் திணறுகிறவர்களுக்காகவே குட்டைக்கரை மருதமரத்தடியில் மாதுளி என்ற செம்போத்து உட்கார்ந்திருப்பாள். முன்பு களஞ்சியத்தில் வேலை பார்த்தவள் அவள். மாசி பிறந்தால் போதும், இல்லாதப்பட்டவர்களை உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுப்பாள். பயந்தவர்களோடு கூடவே போய் நிற்பாள். இதற்காக ஒரு புல்விதைகூட வாங்க மாட்டாள்.

செங்காலி ஒருநாள் மருதமரம் வரை போனாள். மரத்தடியில் கூட்டம் இருந்தது. கால் ஊனமான முயல், பல் போன முள்ளெலி, குட்டிகளை முதுகில் சுமந்த ஒரு மூஞ்சூறு. எல்லோரும் இளைத்துப்போய், ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் புதருக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். கணவன் இருந்தபோது அக்கம்பக்கத்தார் அவள் புதருக்கு வந்துதான் விதை கடன் வாங்குவார்கள். இன்றைக்கு அவள் போய் இந்த வரிசையில் உட்கார்ந்தால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? செங்காலியும் கடைசியில் இலவசத்துக்கு வந்துவிட்டாள் என்றுதானே பேசுவார்கள்?

யார் கண்ணிலும் படாமல் அவள் திரும்பி நடந்தாள்.

வழியில், பாறை வளைவில், நல்லான் என்ற நரி இருந்தான். தரையைச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் தினைக் குவியல்கள் வெயிலில் பளபளத்தன. நரியைக் கண்டால் பறந்தோடுகிறவள்தான் செங்காலி. ஆனால் மாசி மாதத்தில் யாரும் யாரையும் தொடக் கூடாது என்பது யானைத் தலைவியின் உத்தரவு. அதனால் தைரியமாகக் கடந்து போனாள்.

“தங்கச்சி, மாதுளியைப் பார்க்கப் போனாயா?” என்று நல்லான் அன்பாகக் கேட்டான்.

“இல்லை அண்ணே, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்” என்றாள் அவள்.

அந்தப் பதிலே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அவன் அவசரப்படாமல் பேசினான். ஒன்றும் வாங்காமல் யாராவது உழைப்பார்களா என்று கேட்டான். களஞ்சியத்துச் சோறு தின்று வளர்ந்த மாதுளி, கேட்டதையெல்லாம் பொழுது சாய்வதற்குள் கரடியிடம் போய்ச் சொல்லிவிடுவாள் என்றான். மானமுள்ள குடும்பத்துப் பெண் அந்தக் கூட்டத்தில் போய் உட்காரலாமா என்றும் கேட்டான். பிறகு ஒரு தினைக் குவியலை மெல்ல அவள் பக்கம் தள்ளினான்.

“இதை இப்போதே எடுத்துக்கொண்டு போ. களஞ்சியத்திலிருந்து உன் பங்கு என் பாறைக்கு வரும். வந்ததும் எனக்குப் பாதி, உனக்குப் பாதி. நீ எங்கேயும் அலைய வேண்டாம்.”

“நான் யானைத் தலைவி முன்னால் வர வேண்டாமா அண்ணே?”

“எதற்கு? உன் இறகு ஒன்று கொடு. இறகு வந்தால் நீயே வந்த மாதிரி.”

“அங்கே என்ன சொல்வீர்கள்?”

“சொல்ல வேண்டியதைச் சொல்வேன்.”

அந்தப் பதில் அவள் மனதில் லேசாக உறுத்தியது. ஆனால் கண் தினையை விட்டு நகரவில்லை. நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள கடைசிக் குஞ்சு காலையிலிருந்து மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது அவள் நினைவுக்கு வந்தது. இறக்கைக்கு அடியில் அலகை விட்டு ஓர் இறகைப் பிடுங்கி அவன் முன்னால் வைத்தாள்.

அன்றைக்குக் குஞ்சுகள் வயிறு நிறையத் தின்றன. மருதமரத்தடியில் கூனிக் குறுகி உட்காராமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று செங்காலிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பங்குனியில் பங்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு அவள் பாறைக்குப் போனாள். நல்லான் அவளுக்குக் கொடுத்தது ஒரே நடையில் அலகில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய தினை. மீதி எங்கே என்று கேட்டாள். முன்பே கொடுத்த குவியல் கழிந்தது, தன் பாதி கழிந்தது, நடந்த கூலி, காவல் கூலி என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை கேட்டாள். அவன் அதையே சிரித்த முகத்தோடு இன்னும் வேகமாகச் சொன்னான். மூன்றாவது முறை கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சித்திரை பிறந்தது. குட்டையின் ஓரங்கள் வெடித்தன. ஒருநாள் காலையில் இரண்டு ஆட்காட்டிக் குருவிகள் நீண்ட கால்களால் நடந்து அவள் புதருக்கு வந்தன. களஞ்சியத்தின் சார்பில் கணக்குச் சரிபார்க்க வருகிறவை அவை. ஒன்றின் அலகில் ஓர் இறகு இருந்தது.

“இது உன் இறகுதானே?”

“ஆமாம்.”

“ஒன்பது குஞ்சுகள் என்று கணக்குச் சொல்லியிருக்கிறாய். அவற்றைக் கூப்பிடு.”

செங்காலி கூப்பிட்டாள். நான்கு குஞ்சுகள் வெளியே வந்து, வெயில் தாங்காமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஆட்காட்டிகள் காத்திருந்தன. செங்காலியும் ஒரு கணம் புதரைத் திரும்பிப் பார்த்தாள், இன்னும் ஐந்து அங்கிருந்து வந்துவிடும் என்பதுபோல.

“மற்ற ஐந்தும் எங்கே?” என்று ஒன்று கேட்டது.

அவள் நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். நரி பேசினான், நான் பேசவில்லை என்றாள். ஒன்பது வாய்க்கான தினையில் தன் புதருக்கு வந்தது மிகக் கொஞ்சம் என்றாள். ஆட்காட்டிகள் கேட்டுக்கொண்டன. இறகு உன்னுடையது என்றால் சொன்ன சொல்லும் உன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டன. கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்வரை குட்டைக்கரைப் புல்வெளியில் அவள் கால் வைக்கக் கூடாது என்று தடை விதித்துவிட்டுப் போயின.

அவள் பாறை வளைவுக்கு ஓடினாள். அங்கே நல்லான் இல்லை. பெருக்கிய தரையில் சருகு விழுந்து கிடந்தது. அந்த வழியாக வந்த ஓர் உடும்பு, அவன் மலைக்கு அந்தப்புறம் போய் நாளாகிறது என்றும், போகும்போது வாயில் கற்றை கற்றையாக இறகும் மயிரும் வைத்திருந்தான் என்றும் சொன்னது.

புல்வெளிக்குப் போக முடியாது. செங்காலி குஞ்சுகளைச் சரளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே கல்லுக்கடியில் இருந்த எறும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. தான் கண்டதையெல்லாம் குஞ்சுகளுக்கே கொடுத்தாள். அப்படியும் போதவில்லை. நெற்றியில் புள்ளி உள்ள குஞ்சு முதலில் பின்தங்கி நடந்தது. பிறகு நடக்க மறுத்தது. ஒரு நண்பகலில் ஒரு கல்லின் நிழலில் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. நிழல் நகர்ந்தபோது செங்காலி இறக்கையை விரித்து அதன்மேல் வெயில் படாமல் நின்றாள். அதற்கு இனி வெயில் சுடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பொழுது சாயும்வரை நின்றாள்.

மறுநாள் அவள் குஞ்சுகளோடு மருதமரத்தடிக்குப் போனாள். தைரியம் வந்து போகவில்லை. வெட்கப்படுவதற்கு அவளிடம் இனி எதுவும் மிச்சமில்லை, அதனால் போனாள்.

மாசி கடந்துவிட்டதால் அங்கே கூட்டம் இல்லை. மாதுளி மட்டும் கிளையில் இருந்தாள். இறங்கி வந்து எதிரே உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டாள். நரி என்ன சொன்னான், என்ன கொடுத்தான், யானைத் தலைவிக்குப் போன கணக்கு என்ன என்று விசாரித்தாள். பிறகு, நான்கு குஞ்சுகள் என்றாயே, மூன்றுதானே நிற்கின்றன என்று கேட்டாள். செங்காலி அதையும் சொன்னாள். மாதுளி முகத்தைத் திருப்பிக்கொண்டு மரப்பட்டையில் அலகைத் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போதே ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டீர்களா அக்கா?” என்றாள் செங்காலி.

“அதை நீயே உன்னைக் கேட்டுக்கொண்டுதானே வந்திருப்பாய். நான் வேறு கேட்க வேண்டுமா?” என்றாள் மாதுளி. “விடிந்ததும் யானைத் தலைவியிடம் போவோம். நான் பக்கத்தில் நிற்பேன். பேச வேண்டியது நீதான்.”

“எனக்கு அங்கே பேச வராதே.”

“இப்போது என்னிடம் பேசினாயே, அதையே பேசு. முதலில் குஞ்சுகள் எத்தனை என்று சொல். பிறகு நீ சேர்த்ததைச் சொல். கடைசியில் நரியைச் சொல். வரிசை அவ்வளவுதான்.”

விடிந்ததும் போனார்கள். யானையின் கால்கள் மரங்களைப் போல நின்றன. செங்காலியின் குரல் முதலில் எழும்பவில்லை. மாதுளி இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றாள். பிறகு செங்காலி பேசினாள். முதலில் குஞ்சுகளைச் சொன்னாள். மூன்று என்று சொல்லும்போது ஒருமுறை தடுமாறினாள். ஆனால் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

யானைத் தலைவி தலையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தாள்.

“நீ பொய் சொன்னவள் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் இறகை நீயே பிடுங்கிக் கொடுத்திருக்கிறாய். அதை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது” என்றாள்.

புல்வெளித் தடை அன்றே நீங்கியது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில் பாதியைக் காடு விட்டுக்கொடுத்தது. மீதிப் பாதியைக் கோடையில் கேட்டால் மூன்று குஞ்சுகளும் பிழைக்காது என்று மாதுளி வாதாடினாள். அதனால் மழைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்றாயிற்று. அந்த வருடத்துப் பங்கு மட்டும் செங்காலிக்கு இல்லை. அது ஒருமுறை கொடுக்கப்பட்டுவிட்டது. நரியைத் தேட ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அவன் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. குட்டைக்கரை வந்ததும் குஞ்சுகள் புல்லுக்குள் ஓடி விதையைக் கொத்தத் தொடங்கின. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த செங்காலி மெதுவாகக் கேட்டாள்.

“மாசியிலேயே வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் அக்கா?”

மாதுளியும் குஞ்சுகளைப் பார்த்தாள்.

“இதேதான்” என்றாள் மாதுளி. “ஒரு காலைப் பொழுது உன்னோடு வந்து பக்கத்தில் நின்றிருப்பேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

செங்காலி புல்லுக்குள் இறங்கி, மூன்று குஞ்சுகளுக்கும் நடுவில் நின்று, தலையைத் தூக்காமல் விதை பொறுக்கத் தொடங்கினாள்.

எளியவர்களுக்கென்று கூலி வாங்காமல் செய்கிற உதவியைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள், தங்கள் சொல்லை விலைக்கு வாங்குகிறவன் கையில் ஒப்படைத்துவிட்டு, திரும்பப் பெற முடியாததை இழந்து நிற்பார்கள்.