இரண்டாவது கை

"டீச்சர், இந்தக் கை மறுபடியும் கோணிப்போச்சுங்க. பிரிக்கப் போறேன்."

சொன்னவர் பொன்னுரங்கம். வயது அறுபத்தெட்டு. கோத்தகிரி மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். மடியில் ஒரு கரும்பச்சை ஸ்வெட்டர். ஒரு கை முடிந்திருந்தது. இன்னொரு கை ஊசியில் இருந்தது.

டீச்சர் பெயர் எஸ்தர். வயது முப்பத்தொன்று. சனிக்கிழமை காலையில் சர்ச் ஹாலில் பின்னல் வகுப்பு எடுக்கிறாள்.

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இவள்தான் குரு.

"எத்தனாவது தடவை?"

"ஆறாவதுங்க."

"எங்கே கோணல்?"

காட்டினார். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எனக்குத் தெரியலையே."

"நாலாவது வரிசை. ஒரு கண்ணி இறுகிக் கிடக்குதுங்க."

"கிடக்கட்டும்."

"கிடக்கக் கூடாதுங்க."

நாலாவது வரிசை வரைக்கும் பிரித்தார்.

மற்றதெல்லாம் அவர் இப்படிப் பின்னியதில்லை.

டீக்கடை காதருக்கு ஒரு குல்லா பின்னிக் கொடுத்தார். காது ஒருபக்கம் பெரிதாகப் போயிற்று. காதர் அதைப் போட்டுக்கொண்டுதான் டீ ஆற்றுகிறார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காலுறை. பாதியில் நூல் தீர்ந்து ஒன்று நீலம், ஒன்று பச்சை. குழந்தை இரண்டையும் கடித்தது. மனைவிக்குச் சால்வை. அதில் ஒரு ஓட்டை.

"காத்து வர வழி வச்சிருக்கேன்" என்றார். அந்த அம்மாள் அதைப் போர்த்திக்கொண்டே கல்யாணத்துக்குப் போய்வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் பழைய டிரைவர்கள் விடவில்லை.

"கியர் போட்ட கை பின்னல் போடுது பாருங்கடா!"

"உனக்குக் குல்லா வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப வாயை மூடு."

ஊசியோடு ஊசி இடிக்கிற அந்தச் சின்னச் சத்தம். அதற்காகவே விடியற்காலையில் எழுந்தார். சிரித்துக்கொண்டே பின்னினார்.

இந்த ஸ்வெட்டர் ஒரு பழைய நண்பருக்கு. இதில் மட்டும் சிரிப்பில்லை. இரண்டு வருடமாகப் பின்னுகிறார்.

எஸ்தர் அவ்வப்போது ஒன்றே ஒன்று கேட்பாள்.

"போட்டாச்சா?"

"இன்னும் ஒரு சாண் போடணுங்க."

அடுத்த மாதம்.

"போட்டாச்சா?"

"கழுத்து போட்டாச்சு. கைதான் பாக்கி."

இன்றைக்கும் கேட்டாள்.

"போட்டாச்சா?"

"அதான் சொன்னேனுங்களே. கோணிப்போச்சு. திருப்பிப் போடணும்."

"ஐயா, நீங்க போட்டாச்சான்னு நான் கேட்கவே இல்லை. அவர் போட்டாச்சா?"

பொன்னுரங்கம் விழித்தார்.

தமிழில் பின்னினாலும் போடுவதுதான், உடுத்தினாலும் போடுவதுதான். இரண்டு வருடமாக அவள் ஒன்றைக் கேட்டாள். அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முடியாம எப்படிங்க போடுவான்?"

"அளவு எப்போ எடுத்தீங்க?"

"எடுக்கலைங்க. மார்பு நாற்பத்திரண்டு. பதினெட்டு வருஷம் என் பஸ்ஸில கண்டக்டர். மாசிலாமணி அளவு எனக்குத் தெரியாதா?"

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

அவர் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா?"

"பதினோரு வருஷமாச்சுங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரு வளைவில பஸ்ஸைப் பின்னால எடுத்தேன். அவன் இறங்கி நின்னு விசில் ஊதினான், நிறுத்தச் சொல்லி. கேட்டுச்சுங்க. இன்னும் ஒரு அடி போகலாம்னு நினைச்சேன். சுவர் இடிஞ்சுது. விசாரணையில, கண்டக்டர் விசில் கொடுக்கலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அவனை மூணு மாசம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் அவன் வேற பஸ்."

"பேசவே இல்லையா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுங்க? ரெண்டு வருஷம் முன்னால அவனுக்குப் பக்கவாதம். மக வந்திருக்கா, வர்ற புதன்கிழமை தூத்துக்குடிக்கே கூட்டிட்டுப் போறா. இனி வரமாட்டான். அதுக்குள்ள இதை முடிக்கணும். ஒரு பிழையில்லாம முடிச்சு, அவன் கையில கொடுத்துட்டு, அப்புறம் சொல்லணும்."

"இன்னைக்கே சனிக்கிழமை."

"முடிச்சிருவேன். சோறு தண்ணி இல்லாமப் போட்டாவது முடிச்சிருவேன்."

"கொடுங்க பார்க்கலாம்."

கொடுத்தார்.

எஸ்தர் ஊசியைச் சரேலென்று உருவினாள்.

நாற்பது கண்ணிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"ஐயோ! டீச்சர்!"

"ஊசி இங்கே இருக்கட்டும்."

தன் கழுத்தில் கிடந்த டேப்பைச் சுருட்டி அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"ஒரு நூலாவது கோத்துக் கொடுங்க. பஸ் குலுக்கலில கண்ணி அவிழ்ந்து ஓடிரும்."

"ஓடட்டும்."

"ஊசி எப்போ தருவீங்க?"

"அளவு வந்ததும்."

"போன்ல அவன் மககிட்டக் கேட்டு..."

"போன் போய் அவர் மார்பைச் சுத்துமா?"

பொன்னுரங்கம் எழுந்தார்.

மாசிலாமணி இருக்கும் அரவேனுவுக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம். ஸ்வெட்டரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார், நிறையப் பால் ஊற்றிய சட்டியைப்போல.

"பெரியவரே, கம்பியைப் பிடிங்க" என்றார் அந்த பஸ் கண்டக்டர்.

"முடியாது."

"விழுந்தா நான் பொறுப்பில்லை."

"சரி."

முதல் வளைவில் ஒரு கண்ணி ஓடியது. அடுத்ததில் இரண்டு. ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். வரப்போவது தெரியும். தடுக்கத்தான் முடியவில்லை.

ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்ததிலும் தோன்றியது. இறங்கவில்லை.

அரவேனுவில் மாசிலாமணி வீட்டுக் கதவை மகள் கனகா திறந்தாள்.

"யாருங்க?"

"பொன்னுரங்கம்."

அவள் முகம் மாறியது. பெயர் அந்த வீட்டில் தெரிந்த பெயர்தான். விலகி நின்றாள்.

உள்ளே அட்டைப்பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலி. நாற்காலியில் மாசிலாமணி. வலது கை மடியில் கிடந்தது. வாயில் பாதிதான் பேசியது. ஆனால் பேசியது.

"எதுக்கு வந்தே?"

"அளவெடுக்க."

"சவப்பெட்டிக்கா?"

"ஸ்வெட்டருக்கு."

"யார் பின்னுறா?"

"நான்தான்."

மாசிலாமணியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பா, வலியா, தெரியவில்லை.

பொன்னுரங்கம் குனிந்து டேப்பைச் சுற்றினார். பார்த்தார். அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

முப்பத்துநாலு.

டேப்பை எடுக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முகத்துக்கு முகம் ஒரு சாண்.

"மாசி. அன்னைக்கு விசில் கேட்டுச்சு. நான் எழுதிக் கொடுத்தது பொய்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஊதினவனுக்குத் தெரியாதா?"

கனகா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதைச் சொல்லவா பதினோரு வருஷம்?" என்றார் மாசிலாமணி.

"ஸ்வெட்டர் முடியலை."

மாசிலாமணி ஸ்வெட்டரைப் பார்த்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்தார். மறுபடி ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"இதுக்குள்ள ரெண்டு மாசிலாமணி போகலாம்."

"ஆமா."

பொன்னுரங்கம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நூல் முனையைத் தேடி எடுத்தார். இழுத்தார். ஒரு வரிசை போயிற்று. இன்னொரு வரிசை. நூல் சுருண்டு சுருண்டு தரையில் விழுந்தது.

கனகா பதறிப்போனாள்.

"எத்தனை நாள் போட்டது இது?"

"ரெண்டு வருஷம்மா."

"புதன்கிழமை நாங்க கிளம்பறோம். அதுக்குள்ள எப்படி முடியும்?"

"முடியாது" என்றார் மாசிலாமணி. "அங்கே கொண்டாரட்டும்."

"தூத்துக்குடிக்கு ஸ்வெட்டராப்பா? வேர்த்து ஊத்தும்."

மாசிலாமணி மகளைப் பார்க்கவில்லை. நல்ல கையை, இடது கையை, மெல்ல முன்னால் நீட்டினார். ஐந்து விரலையும் விரித்துப் பிடித்தார்.

"நூல் சிக்காகப் போகுது. இதில சுத்துடா."