குத்தாலிங்கம் அண்ணாச்சி கடலுக்குள் பிடித்த கேபிள்

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

செண்பகம் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தி ஏழு நிமிஷம் ஆயிற்று. திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, பார்க்கிறவளுக்குத் தலை கிறுகிறுக்கிறவரை சுற்றியது. அப்புறம் அதுவும் நின்று, 'இணைப்பு இல்லை' என்று ஒரு வரி வந்தது. மணி நாலு பதினெட்டு. ஐந்து மணிக்கு விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். லேப் டெக்னீஷியன் படிப்பில் மிச்சம் கிடக்கிற இடங்களுக்கு இதுதான் கடைசிச் சுற்று. இது போகாவிட்டால் நாளைக் காலையிலிருந்து மதினி பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான். அவளுக்கென்று ஒரு தட்டுகூட எடுத்து வைத்தாகிவிட்டது.

விஜயதசமியைக் கடைசி நாளாக வைத்த மகராசன் யாரென்று தெரியவில்லை. சுரண்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற அத்தனை நெட் சென்டரும் பூட்டு. திறந்து கிடந்தது குத்தாலிங்கம் அண்ணாச்சி கடை ஒன்றுதான். அவர் கடை திறந்ததும் தொழில் பக்தியால் இல்லை. வீட்டுக்காரி தங்கச்சி மகனுக்கு ஏடு தொடங்க புளியங்குடி போய்விட்டாள். அண்ணாச்சி பேசினால் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

"அண்ணாச்சி, நெட்டு போயிட்டு. ரூட்டரை ஒருக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

இவ்வளவுதான் அவள் சொன்னது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிளக்கைப் பிடுங்க வேண்டும், முப்பது எண்ண வேண்டும், திரும்பச் செருக வேண்டும். பத்துக் கோளாறில் எட்டு அதிலேயே போய்விடும்.

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். பொத்தான் கழன்றால் கதை வரும் என்பது பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும்.

"ஏட்டி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுறதெல்லாம் அரைகுறை பார்க்கிற வேலை. கோளாறு என் கடையில இல்ல. கடலுக்கடியில. இந்த நேரத்துல தூத்துக்குடிப் பக்கம் கேபிள்ல ஒரு திருக்கைமீன் முதுகைச் சொறிஞ்சிக்கிட்டிருக்கும். அது சொறிஞ்சி முடிச்சாத்தான் நமக்கு நெட்டு."

"அதை நீரு இங்கன இருந்தே பார்த்தீராக்கும்?" என்றார் மாசானம். ரிட்டயர்டு போஸ்ட்மேன். ரேஷன் கார்டை நகல் எடுக்க வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. நகல் இன்னும் எடுத்தபாடில்லை.

"பார்க்கணும்னு இல்ல வே. வாசம் தெரியும்."

செண்பகத்துக்குக் கை அரித்தது. ரூட்டர் எங்கே இருக்கிறதென்று கடையைச் சுற்றிலும் தேடினாள். கண்ணில் படவில்லை. மூலையில் உசரமான ஓர் அலமாரி, அதன் தலையில் சாமி படம், அதற்கு முன்னால் நேற்றைய ஆயுத பூஜை அப்படியே இருந்தது. பொட்டு வைத்த கீபோர்டு, பொட்டு வைத்த மவுஸ், பொட்டு வைத்த ஸ்டேப்ளர், இவற்றுக்கு நடுவில் மஞ்சள் துணி போர்த்திய ஏதோ ஒன்று, அதன் மேல் சாமந்தி மாலை. சாமியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"உங்க போன்ல ஹாட்ஸ்பாட்டாவது போடுங்க அண்ணாச்சி. எங்கிட்ட இருக்கது அம்மாவோட பட்டன் போன்தான். அது ஓடிபி வர மட்டும்தான்."

"ஹாட்ஸ்பாட்டா? எங்கிட்டயா?" அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நம்ம ரேஞ்சு தெரியாம கேட்டுட்டே. முன்னாடி ஒருநாள் சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டேன். சிக்னலு நேரா போயி ஊருக்கு மேக்க நிக்குற, கரண்டு எடுக்குற காத்தாடியில அடிச்சிட்டு. காத்தாடி சும்மா இருக்குமா? சுத்துன சுத்துல சிக்னலைத் தூக்கி மலைக்கு அந்தப்பக்கம் வீசிட்டு. சாயங்காலம் கொல்லத்துலேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணுதா. 'சேட்டா, பாஸ்வேர்டு என்ன?'ன்னு மலையாளத்துல கேக்கா."

"நீரு என்ன சொன்னீரு?"

"ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும்னேன்."

அது மட்டும் உண்மை. கடைச் சுவரில் '12345678' என்று கரியால் எழுதியே போட்டிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அதில்தான் படம் பார்த்தார்கள்.

"இப்ப போடுங்க அண்ணாச்சி, கொல்லத்துக்குப் போனாலும் பரவால்ல."

"இன்னைக்கு டேட்டா காலையிலயே தீந்துட்டு" என்று குரலைத் தணித்துச் சொல்லிவிட்டு, அடுத்ததற்குத் தாவினார். நாலு இருபத்தைந்து.

வாசலில் பூக்கடை போட்டிருக்கும் முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள். அண்ணாச்சிக்குக் கூட்டம் சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

"வா பேச்சி. உன் போன் வாளித் தண்ணிக்குள்ள விழுந்துட்டுன்னு சொன்னேல்லா?"

"ஆமாண்ணே. நீங்க சொன்னீங்கன்னு அரிசிக்குள்ள போட்டு வச்சிருக்கேன். நாலு நாளாச்சி. அரிசிதான் குறையுது."

(அரிசி ஒன்றும் செய்யாது. போனை அணைத்துவிட்டு, துடைத்து, காற்றுப்படுகிற இடத்தில் சும்மா வைத்தால் போதும். செண்பகம் இதைச் சொல்ல வாயெடுத்தாள். யார் விட்டார்கள்?)

"ஒரு படி அரிசியெல்லாம் பத்தாது பேச்சி. நான் ஒரு போனைக் காய வைக்க நம்ம ரைஸ் மில்லுல, அம்பது மூட்டை பொன்னி குவிச்சிருந்த குடோன்ல பொதைச்சேன். மறுநாள் போன் வந்துட்டு. ஆனா போன்ல உள்ள கரண்டு பூரா அரிசிக்குள்ள எறங்கிட்டு. அது எனக்குத் தெரியல. அந்த அரிசியை ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுத்துட்டாவ. சாம்பார் முடிஞ்சு ரசம் ஊத்தும்போது ஒருத்தர் வயித்துல ரிங்டோன் அடிக்கி. அப்புறம் பக்கத்து எலையில. அப்புறம் பந்தி பூரா. ஒரு தாத்தா ஏப்பம் விட்டாரு, பொண்ணுக்கு மாமன் துபாய்லேர்ந்து பேசுறாரு, 'ஹலோ, தாலி கட்டியாச்சா?'ன்னு."

முத்துப்பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மோர் ஊத்துனப்போ கட் ஆயிட்டாக்கும்?"

"நெறைய தண்ணி மோரு. லைன் போயிட்டு."

செண்பகமும் சிரித்துவிட்டாள். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. முப்பத்தைந்து நிமிஷத்தில் தலைவிதி மாறப்போகிறது, இந்த ஆள் சிரிக்க வைக்கிறார்.

"அண்ணாச்சி, என் விண்ணப்பம்."

"பொறு தாயி. வேகம்னா என்னன்னு தெரியாத புள்ளையா இருக்கே. இந்தா, இந்தக் கம்ப்யூட்டர் இருக்குல்லா, இது ஒரு சமயம் ரொம்ப மெதுவாப் போச்சி. சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பை வச்சி உள்ள உள்ள தூசியெல்லாம் ஊதினேன். கொஞ்சம் கூடுதலா அடிச்சிட்டேன் போல. அது எடுத்த வேகத்துல மறுநாள் தினத்தாளை முதநாளே பிரிண்டு போட ஆரம்பிச்சிட்டு. பத்தாங்கிளாஸ் பயக்க பரீட்சை எழுதுறதுக்கு முன்னாடியே மார்க் ஷீட் வந்துட்டு. வாத்தியார்மாரு வந்து கையெடுத்துக் கும்பிட்டாவ, 'நிறுத்துங்க, எங்களுக்கு வேலை இல்லாமப் போயிரும்'னு."

மாசானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ வே, இந்தப் புள்ளைக்க விண்ணப்பத்தை நேத்தே அனுப்பியிருக்கலாம்லா?"

அண்ணாச்சி தண்ணீர் குடித்தார். மணி நாலு முப்பத்தாறு.

"கடல் கேபிளுக்கே வாரேன்" என்று ஆரம்பித்தார். குரலே மாறிவிட்டது. "போன தடவை அறுந்தப்போ யாரு ஒட்டினதுன்னு நெனச்சீங்க? நாந்தான். தூத்துக்குடியில ஒரு வள்ளத்துல போயி, மூச்சைப் பிடிச்சிக் குதிச்சேன். முத்துக் குளிக்கிறவங்களே பாதியில திரும்பிட்டாவ. அடியில போயி பார்த்தா கேபிள் ரெண்டு துண்டு. ஒட்ட டேப்பு இல்ல. எடது கையில ஒரு முனை, வலது கையில ஒரு முனை. பிடிச்சிக்கிட்டு நின்னேன். ஒண்ணரை மணி நேரம். இந்தியாவுல உள்ள நெட்டு பூரா என் நெஞ்சு வழியாத்தான் போச்சி. கல்யாண போட்டோ, காலை வணக்கம், கோலப் போட்டி எல்லாம். பேங்கு பாஸ்வேர்டு அத்தனையும் எனக்குத் தெரியும். நான் நல்லவன், அதனால மறந்துட்டேன்."

"ஒண்ணரை மணி நேரம் மூச்சு?" என்றாள் முத்துப்பேச்சி.

"நெட்டு வழியா மூச்சு வந்துட்டுல்லா."

செண்பகம் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"அண்ணாச்சி. இந்தியா நெட்டையே நெஞ்சுல தாங்குனீங்க, சரி. உங்க ரூட்டர் எங்க இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். மாசானத்தைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, அலமாரி உச்சியைக் கண்ணால் காட்டினார்.

மஞ்சள் துணி. சாமந்தி மாலை. அதுதான்.

"அதைப் போயா பூஜையில வச்சிருக்கீங்க?"

"தொழிலுக்கு மொத ஆயுதம் அதுதானே தாயி. ஓட விட்டுட்டேதான் வச்சேன். ஒரு கம்ப்யூட்டரையும் அவசரத்துக்கு வெளிய விட்டேன். ஆனா பூஜையில உள்ளதை மறுபூஜை முடியாமத் தொடக்கூடாது. அவ புளியங்குடியிலேர்ந்து ஆறு மணிக்கு வருவா. வந்துதான் சூடம் காட்டணும்."

அப்போதுதான் செண்பகத்துக்கு விளங்கியது. கோளாறு ரூட்டரில்தானோ என்று அண்ணாச்சிக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கிறது. தொட பயம். பயத்தைச் சொல்ல வெட்கம். அதற்குத்தான் திருக்கைமீன், அதற்குத்தான் கொல்லத்து அம்மா.

"ஆறு மணிக்கா!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அஞ்சு மணிக்கு மூடிருவான் அண்ணாச்சி. அப்புறம் எனக்குப் பீடித் தட்டுதான்."

அண்ணாச்சி முகம் சுருங்கியது. மேல் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"மறுபூஜைதானே? இம்புட்டுக்கா இந்தப் பாடு?" முத்துப்பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்கு ஓடினாள். ஒரு சூடக்கட்டி, ஒரு பழம், ரெண்டு ஊதுபத்தியோடு வந்தாள். "அண்ணே, உங்க வீட்டு மதினி வந்து கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். கொளுத்துங்க."

அண்ணாச்சி ஸ்டூலில் ஏறினார். சூடம் காட்டினார். கீபோர்டுக்கு ஒரு சுற்று, மவுஸுக்கு ஒரு சுற்று, ஸ்டேப்ளருக்கும் விடாமல் ஒரு சுற்று.

"வெரசா வே! அது ஸ்டேப்ளரு, கோவிச்சிக்கிடாது" என்றார் மாசானம்.

நாலு நாற்பத்தெட்டு. அண்ணாச்சி இறங்கினார், செண்பகம் ஏறினாள். மாலையை எடுத்தாள். துணியை இழுத்தாள். உள்ளேயிருந்து இட்லிச் சட்டி மூடியைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. ரூட்டரின் காற்றோட்டத் துளைகள் இருந்த இடமெல்லாம் சந்தனம் பூசிக் காய்ந்திருந்தது. நடுவில் வட்டமாகக் குங்குமம். மேலே படைத்த பொரியில் நாலைந்து கருகி ஒட்டியிருந்தன.

"ஏம் அண்ணாச்சி, மூக்கை அடைச்சி, கம்பளியைப் போர்த்தி, ராவும் பகலும் வேலை வாங்கினா அது என்ன செய்யும்?"

பிளக்கைப் பிடுங்கினாள். தாவணி முனையால் சந்தனத்தைச் சுரண்டினாள். முத்துப்பேச்சி பூவுக்கு விசிறுகிற ஓலை விசிறியை எடுத்து வீசினாள். செண்பகம் முப்பது எண்ணினாள். எண்ண எண்ண மாசானமும் சேர்ந்து எண்ணினார், இருபத்திரண்டை ரெண்டு தடவை. செருகினாள்.

ஒரு பச்சை விளக்கு. இரண்டாவது. மூன்றாவது மட்டும் சிவப்பாகவே நின்று உயிரை வாங்கியது. நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சையானது.

நாலு ஐம்பத்தாறுக்கு 'சமர்ப்பி'யை அழுத்தினாள். வட்டம் ஒரே ஒரு சுற்று சுற்றியது. விண்ணப்ப எண் வந்தது. அம்மாவின் பட்டன் போன் 'டிங்' என்றது. செண்பகம் அந்த எண்ணை முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அண்ணாச்சிக்கு உயிர் வந்துவிட்டது. மேல் பொத்தான் மறுபடி கழன்றது.

"பார்த்தீரா வே! நான் காட்டுன சூடத்துப் புகை கேபிள் வழியாப் போயி அமெரிக்காவுல எறங்கியிருக்கு. அங்க உள்ளவன் கன்னத்துல போட்டுக்கிட்டு டக்குன்னு தெறந்து விட்டுட்டான்!"

"அப்படியே என் ரேஷன் கார்டையும் அவங்கிட்டயே நகல் எடுத்துத் தரச் சொல்லும்" என்றார் மாசானம்.

செண்பகம் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு விஷயம். செவுத்துல எழுதிப் போட்டிருக்கிற பாஸ்வேர்டை மாத்துங்க, அப்பதான் வேகம் வரும். அந்த ரூட்டர் மேல துணி, மாலை, பொட்டு எதையும் போடாதீங்க. தெறந்த இடத்துல, காத்துப்பட வைங்க. செய்வீங்களா?"

"செய்யாம? நீ சொல்லி செய்யாம இருப்பேனா தாயி? இன்னைக்கே, இப்பவே!" நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். இந்திய நெட்டு முழுக்கப் போன அதே நெஞ்சு.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கடை தெரிந்தது. சுவரில் ஒன்றிலிருந்து எட்டு வரை அப்படியே இருந்தது. அண்ணாச்சி ஸ்டூலில் ஏறி நின்றார். ரூட்டரைக் கீழே இறக்கப் போகிறார் என்று நினைத்து அவள் கையை ஆட்டினாள். அவரும் பதிலுக்கு ஒரு கையை ஆட்டினார். இன்னொரு கையில் மஞ்சள் துணி இருந்தது. அதை உதறி, ரூட்டரின் மேல் பதமாகப் போர்த்தி, நாலு மூலையையும் அடியில் செருகிவிட்டு, மேலே மாலையை வைத்தார்.