இருவாச்சிக்கு வந்த அவசர அஞ்சல்

மருதி என்ற பெண் இருவாச்சிப் பறவை உயரமான நாங்கு மரத்தின் பொந்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். வாசலை மண்ணால் அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தாள். இருவாச்சி குலத்தின் வழக்கம் அது. குஞ்சு வளரும்வரை அவள் வெளியே வர மாட்டாள். வந்தாலும் பறக்க முடியாது. பொந்துக்குள் போனதும் இறகெல்லாம் உதிர்ந்துவிட்டது.

கணவன் நெடுமூக்கன் நாள் முழுக்கப் பழம் சுமந்து வருவான். தங்கமான மனசு. ஆனால் வாய்தான் சும்மா இருக்காது.

"எங்க குஞ்சு பேரு பொன்னலகு! கேட்டீங்களா, பொன்னலகு!" என்று குரங்குகளிடம் சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான். முட்டைக்குள் இருக்கும் பிள்ளையின் பெயர் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்பாள் மருதி. அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தக் காட்டில் எல்லாரிடமும் செல்போன் உண்டு, மின்னஞ்சல் உண்டு. இருட்டில் மாதக்கணக்காக இருப்பவளுக்கு அதுதான் துணை. நெடுமூக்கன் போகிற இடத்திலிருந்தெல்லாம் அஞ்சல் போடுவான். என்ன எழுதினாலும் பழத்தில்தான் ஆரம்பிப்பான். "அத்தி பழுத்திருக்கிறது. சாயங்காலம் வருகிறேன்" என்பான்.

ஒரு மரநாய் நான்கு நாளாக அந்த மரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். மண்சுவரைப் பிறாண்டிப் பார்த்தது. நகம்தான் உடைந்தது.

ஐந்தாம் நாள் மதியம் நெடுமூக்கன் முகவரியிலிருந்து மருதிக்கு ஓர் அஞ்சல் வந்தது.

"அவசரம்! காட்டில் தீ! உடனே சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வா! யோசிக்காதே!"

மருதி சட்டென்று மண்சுவர் பக்கம் திரும்பினாள். ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினாள். ஒரு கட்டி மண் பெயர்ந்து விழுந்தது.

அடுத்த கொத்துக்கு முன் நின்றாள். 'பழத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! எனக்கு இறகு இல்லை என்பது இவருக்குத் தெரியாதா? தீ என்றால் பறந்து வராமல் எழுதிக்கொண்டா இருப்பார்?' கீறல் வழியாக முகர்ந்து பார்த்தாள். புகை வாடையே இல்லை. பதறாத காரியம் சிதறாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏங்க! எங்கே இருக்கீங்க? உடனே வாங்க!"

ஓடைக்கு அப்பாலிருந்து இறக்கைச் சத்தம் இரைந்து வந்தது. நெடுமூக்கன் வந்து பார்த்தால், வாசலுக்குக் கீழே மரநாய் கையில் செல்போனோடு எச்சில் ஒழுகக் காத்திருந்தது! விட்டான் ஒரு கொத்து. மரநாய் "ஐயோ!" என்று விழுந்தடித்து ஓடியது. மருதி கீறல் வழியாக அந்த அஞ்சலைப் படித்துக் காட்டினாள்.

"என்ன தீ? நான் எதுவுமே எழுதலையே! காலையிலேருந்து என் அஞ்சல் பெட்டியே திறக்க மாட்டேங்குது!" என்றான் நெடுமூக்கன்.

"கடவுச்சொல் மறந்துட்டா ஒரு கேள்வி கேட்குமே, என்ன கேள்வி வச்சிருந்தீங்க?"

"அது வந்து... 'முதல் குஞ்சின் பெயர் என்ன?'"

"நல்லா வச்சீங்க! அந்தப் பதிலைத்தான் காடு முழுக்கக் கூவியாச்சே! மரநாய் அதைச் சொல்லி உள்ளே நுழைஞ்சு கடவுச்சொல்லையே மாத்திடுச்சு!"

நெடுமூக்கன் அழுதேவிட்டான். "உன்னையும் பிள்ளையையும் நானே காட்டிக் கொடுத்துட்டேனே!"

மருதிக்கு மனசு தாங்கவில்லை. கீறல் வழியாக அவன் அலகைத் தடவிக் கொடுத்தாள். பெட்டி திறக்காவிட்டால் உதவும் என்று அவன் முன்பே அவள் செல்போனைப் பதிந்து வைத்திருந்தான். இருவரும் சேர்ந்து, அதற்கு வந்த ரகசிய எண்ணைப் போட்டுப் பெட்டியை மீட்டார்கள்.

"இனிமே அந்தக் கேள்விக்கு 'நண்டு மழை நாற்பத்தேழு'ன்னு பதில் வைங்க."

"பொய் சொல்லலாமா, மருதி?"

"பூட்டுகிட்டே பொய் சொன்னா பாவமில்லை! யார் திறந்தாலும் என் போனுக்கு வர்ற எண்ணையும் கேட்கணும்னு வைங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்."

அவன் சேறு கொண்டுவந்து கொடுத்தான். அவள் பெயர்ந்த இடத்தைப் பூசினாள்.

சாயங்காலம் குரங்குகள் அவனை மறித்தன. "அண்ணே, பதிலை மாத்திட்டீங்களாமே! எங்ககிட்ட மட்டும் சொல்லுங்களேன்!"

நெடுமூக்கனுக்குப் பதில் தொண்டைவரை வந்துவிட்டது. வாய் நிறைய அத்திப்பழத்தை அடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துப் பறந்தான்.

ஊருக்கே தெரிந்ததை உன் பூட்டுக்குச் சாவியாக வைக்காதே. அவசரப்படுத்தும் அஞ்சலை, அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் நம்பாதே.