இருளாயி குடிக்காத தண்ணீர்

"கொத்தனாரம்மா, என் வீட்டுல நாப்பதாயிரம் லிட்டர் தண்ணி இருக்கு. என் பொண்டாட்டி குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊருணிக்குப் போறா. ஏன்?"

திருமேனி இதைக் கேட்டது ஒரு துவாரத்தைப் பார்த்து.

கொத்தனார் சவரியம்மாள் வேறொருவருக்குக் கட்டும் தொட்டிக்குள் இருந்தாள். மூடி போட்டு முடிந்த தொட்டி. உள்பூச்சு மட்டும் பாக்கி. கரணை சிமெண்டில் உரசும் சத்தம் நிற்காமல் கேட்டது.

மழைத்தொட்டி கட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவளுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. தொட்டி ஒழுகுகிறது என்று சொல்லி வருகிறவர்கள், வேறு எதையோ பேசி அழுதுவிட்டுப் போவதும் உண்டு. ஒழுக்கை அடைப்பாள். மற்றதற்கு அநேகமாகப் பதில் சொல்ல மாட்டாள்.

"உள்ள வாங்கண்ணே" என்றது துவாரம்.

"நானா?"

"கேட்டது நீங்கதான?"

அவளைவிட அவருக்குப் பதினைந்து வயது கூட. ஏணியில் ஏறி, துவாரத்தில் உடம்பை நுழைத்து, ஒருவழியாக இறங்கி நின்றார். ஈரச் சிமெண்டு மணம். தலைக்கு மேலே வட்டமாக ஒரு துண்டு வானம்.

"இப்பக் கேளுங்க."

"என்னத்த?"

என்னத்த, என்னத்த என்றது சுவர்.

"கேட்டதைத்தான்."

அவர் கேட்டார். கேள்வி தொட்டியைச் சுற்றி வந்து அவர் காதிலேயே விழுந்தது. காத்திருந்தார். சவரியம்மாள் சாக்கில் கரணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாரு குரலாச்சும் கேட்டுச்சா?"

"இல்ல. என் குரல்தான்."

"அம்புட்டுத்தாண்ணே. மேல ஏறுங்க. காயுறதுக்குள்ள இன்னொரு கை பூசணும்."

*

வெயிலில் நடந்து வீட்டுக்குத் திரும்பினார். வழியெல்லாம் கொத்தனாரம்மாவைத் திட்டினார். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

இருபத்தாறு வருஷம் அவர் நாக்பூரில் முறுக்கு சுட்டார். வருஷத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வரும்போதெல்லாம் பார்ப்பது ஒன்றுதான். இருளாயி குடத்தோடு போவாள், குடத்தோடு வருவாள். அவர்கள் மண்ணில் எங்கே தோண்டினாலும் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு ஊருணிதான் கதி. போக அரை மணி, வர முக்கால் மணி.

கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கையில் அவர் இரண்டு மழைத்தொட்டிகளை மனசுக்குள் கட்டிவிட்டார். ஒருநாள் ஊருக்கே போய்விடுவேன். அவள் இடுப்பிலிருந்து குடத்தை இறக்குவேன். அப்புறம் வாசலில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டிருக்கலாம்.

வந்தார். வீட்டில் இரண்டே பேர். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

போன கோடையில் தொட்டி வேலை நடந்தது. சவரியம்மாள் தரையில் முளை அடித்து, கயிறு கட்டி, வட்டம் போட்டாள். கம்பி வளைத்து, வலை சுற்றி, பூசினாள். உப்புத் தண்ணீர் சிமெண்டுக்கு ஆகாது. குழைக்கிற தண்ணீர் லாரியில் வந்தது. பூசிய சுவரை மூன்று வாரம் காயவிடாமல் நனைக்க வேண்டுமே, அந்தத் தண்ணீரை இருளாயி ஊருணியிலிருந்து சுமந்தாள். திருமேனி வாங்கி வாங்கி, சுவரைச் சுற்றிய சாக்கில் ஊற்றினார்.

"இன்னும் கொஞ்ச நாள்தான்" என்பார். "அப்புறம் நீ நடக்கவே வேண்டாம்."

அவள் காலிக் குடத்தை வாங்கிக்கொண்டு மறுபடி போவாள்.

ஐப்பசியில் மழை இறங்கியது. முதல் மழை கூரையைக் கழுவுகிற மழை, அதை வெளியே விட்டுவிடணும் என்று சவரியம்மாள் சொல்லியிருந்தாள். விட்டார். அடுத்த மழையைக் குழாயில் திருப்பினார். கார்த்திகை முடிவதற்குள் இரண்டு தொட்டியும் வழிந்தன. மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குள் ஓடி வந்து, "ரொம்பிருச்சு!" என்று கத்தினார்.

இருளாயி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"தலையைத் துவட்டுங்க" என்றாள்.

மழை விட்ட மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

சவரியம்மாளிடம் போய் வந்த அன்று சாயங்காலம், அவர் தொட்டித் தண்ணீரை ஒரு செம்பில் பிடித்து மனைவியின் முன்னால் வைத்தார்.

"தண்ணி நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"குடிச்சுப் பாத்தியா?"

"ஆட்டுக்கு வச்சேன். குடிச்சுச்சு."

"ஆட்டுக்கா?"

"சும்மா சொல்லக்கூடாது. மிச்சம் வைக்காமக் குடிச்சுச்சு."

அவர் செம்பை எடுத்துக் குடித்தார். இனிப்பான தண்ணீர். உப்பு ஒரு துளி கிடையாது. அந்த வாசலில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைத் தனியாகக் குடிக்கிறபோதுதான் நாக்பூரில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று பட்டது. அங்கே பக்கத்துப் பாயில் யாராவது குறட்டை விடுவார்கள்.

நான் என்ன தப்பு செய்தேன்? பிழைக்கத்தானே போனேன்? குடிக்கவில்லையே, இன்னொருத்தி வீட்டுக்குப் போகவில்லையே. திரும்பி வந்தேனே. கட்டினேனே.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதனால் ஒன்றும் புரியவில்லை.

*

மாசியில் ஒருநாள் காலை சவரியம்மாள் தானாகவே வந்தாள். கட்டிய தொட்டியை ஒரு மழைக்காலம் கழிந்ததும் வந்து பார்ப்பது அவள் வழக்கம். சுவரைத் தட்டிப் பார்த்தாள், சுற்றி வந்தாள், கல்லில் உட்கார்ந்தாள்.

"மதினி, குடிக்கத் தண்ணி குடுங்க."

இருளாயி செம்போடு அடுக்களைக் குடத்துப் பக்கம் திரும்பினாள்.

"தொட்டித் தண்ணியைக் குடு" என்றார் திருமேனி. "கட்டுன ஆளுக்கே ஊருணித் தண்ணியா?"

இருளாயி நின்றாள். செம்பு கையில் இருந்தது. அவள் அசையவில்லை. அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்குற?"

சவரியம்மாளும் அவர் இடுப்பைப் பார்த்தாள்.

அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கியது. குழாய்க்கு ஓர் இரும்புப் பெட்டி போட்டு, பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார். கோடையில் அந்த ஊரில் தண்ணீர் டிரம்முக்கே பூட்டுப் போடுவார்கள். அது அவருக்கு வித்தியாசமாகவே தெரிந்ததில்லை. தினமும் காலையில் அவரே திறந்து, வீட்டுக்கு இரண்டு வாளி பிடித்து வைத்துவிட்டு, பூட்டிவிடுவார்.

"நான் கட்டும்போது இது இல்லையேண்ணே" என்றாள் சவரியம்மாள்.

"எவனாச்சும் பிடிச்சிட்டுப் போயிருவான்ல."

"சரிதான். வீட்டுல யாரு யாரு இருக்கீக?"

"நானும் இவளும்."

"சாவி?"

அவர் கை இடுப்புக்குப் போனது. காது சூடாகியது. கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து இருளாயியிடம் நீட்டினார்.

"இந்தா. இனிமே நீயே வச்சுக்க."

"எனக்கெதுக்கு? தொலைச்சுப்புட்டா என்னைத்தான் வைவீக."

சவரியம்மாள் சிரித்தாள். திருமேனி போய்ப் பூட்டைத் திறந்து, பூட்டையும் சாவியையும் சேர்த்து வேலிக்கு அப்பால் எறிந்தார். வெகுதூரம் போகவில்லை. வேலிமேல் பட்டு, முள்ளில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

"மதினி, அண்ணனுக்குச் சாவி சுட்டிருச்சு போல" என்றாள் சவரியம்மாள்.

இருளாயி வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள். அவள் சிரித்துப் பார்த்து அவருக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இதுதானா விஷயம், இவ்வளவுதானா என்று நினைத்தார். மனசு லேசாகியது.

இருளாயி குழாயைத் திறந்து ஒரு செம்பு பிடித்துக் கொத்தனாரம்மாவுக்குக் கொடுத்தாள். பிறகு சுமட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்து, படலைத் திறந்து போனாள்.

திருமேனி அவள் போவதையே பார்த்தார்.

"பூட்டைத்தான் எறிஞ்சிட்டேனே?"

"எறிஞ்சிட்டீக."

"பெறகும் போறா?"

"ஆமா."

"எதுக்கு?"

சவரியம்மாள் செம்புத் தண்ணீரை அண்ணாந்து, நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தாள். எழுந்து அடுக்களை வாசலில் கவிழ்த்திருந்த இன்னொரு குடத்தை எடுத்தாள். அவர் கையில் வைத்தாள்.

"எனக்குத் தொட்டி கட்டத்தாண்ணே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் வழியில் போனாள்.

*

ஆம்பிளை குடம் தூக்கி அந்தப் பாதையில் யாரும் பார்த்ததில்லை.

இருளாயி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நடையைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. அவர் இருபது அடி பின்னால் நடந்தார். இரண்டு பக்கமும் உடைமரம். நடுவில் ஒற்றையடித் தடம். அது அவள் பாதம் போட்ட தடம் என்பது நடக்க நடக்கத்தான் உறைத்தது.

ஊருணிப் படியில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள்.

"என்ன மாமா, தொட்டி ரெண்டும் ஓட்டையா?"

"ஓட்டை இல்லடி" என்றாள் இருளாயி. "ஒங்க மாமாவுக்குக் காத்து வாங்கணுமாம்."

"காத்து வாங்கக் குடம் எதுக்காம்?"

"ரொப்பிக்கிட்டு வருவாக."

எல்லாரும் சிரித்தார்கள். இவள் இப்படிப் பேசுவாளா? திருமேனி குனிந்து குடத்தை முக்கினார். அது கவிழ்ந்து காற்றை விட்டது. இன்னும் சிரித்தார்கள். இருளாயி கை கொடுத்துத் தூக்கி, அவர் தோளில் வைத்தாள்.

திரும்பும்போது அவள் வந்த வழியில் போகவில்லை. கரைமேல் ஏறி வடக்கே திரும்பினாள்.

"இது சுத்தாச்சே?"

அவள் நடந்தாள். குடம் தோளெலும்பில் அறுத்தது. தண்ணீர் அலம்பிச் சட்டை நனைந்தது. போக அரை மணி, வர முக்கால் மணி என்று அவர் வருஷக்கணக்காக நினைத்திருந்தார். பாரம் இருப்பதால் அந்தக் கூடுதல் கால் மணி என்று கணக்குப் போட்டிருந்தார்.

கரை முடிகிற இடத்தில், ஒன்றும் முளைக்காத உவர்த் தரையில், ஒரே ஒரு பூவரசு நின்றது. நல்ல உயரம். அடியில் வட்டமாகப் பாத்தி. பாத்தியின் விளிம்பில் புல் பச்சையாக இருந்தது.

இருளாயி குடத்தைச் சரித்து, கால் குடம் அளவு அந்தப் பாத்தியில் ஊற்றினாள். மண் உறிஞ்சுகிற வரை நின்றாள்.

"யாரு வச்ச மரம்?"

"நான்தான்."

"இங்க வந்து எதுக்கு வச்ச?"

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு விஷயம் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"பிள்ளை இங்கனதான இருக்கு."

திருமேனி குடத்தை இறக்கினார்.

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். பதினொரு நாள் இருந்தது. முறுக்குக் கம்பெனிப் போனுக்குச் செய்தி வந்தபோது அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு முந்திய வாரம். லீவு கிடையாது என்றார்கள். எட்டு மாசம் கழித்து வந்தபோது வீட்டில் அதற்கான அடையாளமே இல்லை. இருளாயி குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். ஆடு ஈன்றதா என்று கேட்டார். கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். அவள் ஆறிவிட்டாள், கிளறக்கூடாது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது அவருக்கு வசதியாக இருந்ததோ என்னவோ.

எங்கே புதைத்தாய் என்று கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்த லீவிலும் கேட்கவில்லை, ஊரோடு வந்த பிறகும் கேட்கவில்லை.

இலை அசைந்தது. உப்புக் காற்று. வெகுதூரத்தில் பெண்களின் பேச்சு கேட்டது.

அவர் உட்கார்ந்தார். தன் குடத்தைச் சரித்து ஊற்றினார். பாதி பாத்திக்கு வெளியே போனது. அவள் காலால் மண்ணை ஒதுக்கி, தண்ணீரை உள்ளே திருப்பிவிட்டாள்.

மண் உறிஞ்சி முடித்ததும் அவர் கேட்டார்.

"பேரு என்ன வச்ச?"

இருளாயி இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கினாள்.

"நீங்கதான் வைக்கணும்னு லெட்டர் போட்டிருந்தேனே" என்றாள்.