சீனிச்சாமி போன் வாங்கின கதை

ஒரு ஊர்ல ஒரு மனுஷன் இருந்தான். ஊரு அருப்புக்கோட்டை, பேரு சீனிச்சாமி. கத்திரிக்காய் வாங்கப் போனாக்கூட நாலு கடை ஏறி இறங்கி, அமுக்கிப் பார்த்து, கடைசியில வெறும் பையோட திரும்புவான். ம் சொல்லு, நான் என்ன சுவத்துக்கா கதை சொல்றேன்?

அவன் பொண்டாட்டி ராக்கம்மா. அவளுக்குக் காது கேட்காது, பேச்சு வராது, எழுத்தும் தெரியாது. மக செவ்வந்திக்கும் காது கேட்காது, ஆனா படிச்ச பிள்ளை. அம்மாவும் மகளும் பேச உட்கார்ந்தா, அடேயப்பா, விறுவிறு விறுவிறுன்னு கை பறக்கும். அப்புறம் செவ்வந்தி மெட்ராசுக்குப் படிக்கப் போயிட்டா. இனி வீடியோ போன் வந்தாத்தான் பேச்சு. அதுவரைக்கும் ராக்கம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கு நாதியில்லை.

போன் வாங்கிடறேன்னு மறுநாளே கிளம்பினான் சீனிச்சாமி. நேரா கடைக்குத்தானே போகணும்? மச்சான் வீட்டுக்குப் போனான். மச்சான், ஆண்ட்ராய்டுதான் நல்லது, எல்லா விலையிலயும் கிடைக்கும்னான். அப்போ இவனுக்குச் சந்தேகம். அப்புறம் அக்கா மககிட்டப் போனான். அவ, ஐபோன்தான் மாமா, வருஷக்கணக்கா அப்டேட் வரும்னா. சந்தேகம் ரெண்டாச்சு. அப்புறம் டீக்கடையில ஒருத்தர், தீபாவளி போகட்டும், ரெண்டுலயும் புதுசு வருதாம்னார். அந்த யோசனை மட்டும் அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

காலண்டர் தாளுக்குப் பின்னாடி கட்டம் போட்டு, இதுல இது உசத்தி, அதுல அது உசத்தின்னு எழுதினான். கல்யாணப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கூட அவ்ளோ பார்க்க மாட்டார். நாப்பது நாள் ஓடிப்போச்சு. ராக்கம்மா கை ரெண்டும் மடியில சும்மா கிடந்துச்சு. பாவம்டா அவ. முழிச்சிருக்கியா? ம்.

நாப்பத்தோராம் நாள் அவளே அவனைத் தரதரன்னு கடைக்கு இழுத்துட்டுப் போனா. கடைக்காரர் ரெண்டு போனை எடுத்து வச்சார். இவன் தாளை விரிச்சான். அவ தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒரு போனை எடுத்து, மேசை மேல இருந்த டீ கிளாஸ்ல சாய்ச்சு வச்சா. சர்ருன்னு வழுக்கிச்சு. அடுத்ததை வச்சா, அதுவும் சர்ரு. அப்புறம் கல்லாப் பக்கம் டப்பாவுல கிடந்த ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டை எடுத்து, போனை அதுல நிறுத்தினா. கிண்ணுன்னு நின்னுச்சு. ரெண்டு கையையும் விரிச்சு அவன் மூஞ்சிக்கு நேரா காட்டினா.

அப்போதான் அந்த மரமண்டைக்கு உறைச்சுது. அவ பேசணும்னா ரெண்டு கையும் வேணும். ஒரு கையில போனைப் பிடிச்சுக்கிட்டு அவ எப்படிப் பேசுவா? மச்சானும் அதை யோசிக்கலை, அக்கா மகளும் யோசிக்கலை, கட்டினவனும் யோசிக்கலை.

ஆண்ட்ராய்டா ஐபோனா, எந்த சிஸ்டம் வேணும்னு கடைக்காரர் சீனிச்சாமியைக் கேட்டார்.

"எதுன்னாலும் குடுங்க. அந்த ஸ்டாண்டு கட்டாயம் வேணும்."

அன்னிக்குச் சாயங்காலம் திரையில செவ்வந்தி முகம் வந்துச்சு. அம்மா கை படபடபடன்னு கொட்டித் தீர்த்துச்சு. நடுவுல ரெண்டு பேரும் அவனைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாங்க. அவனும் கூடச் சிரிச்சான், ஆனா ஒரு எழவும் விளங்கலை. ரெண்டு சிஸ்டத்தையும் கரைச்சுக் குடிச்சவன், இருபது வருஷமா பொண்டாட்டி பாஷையில பத்து வார்த்தை கத்துக்கலை. வெக்கமாப் போச்சு. மெதுவா நகர்ந்து வந்து, எனக்கும் சொல்லிக்குடுன்னு மகளைப் பார்த்துக் கையை நீட்டினான்.

'உனக்கு என்ன வேணும்?' இதைத்தான் செவ்வந்தி முதல்ல எழுதிக் காட்டி, கையாலயும் செஞ்சு காட்டினா. அவன் திரும்பி ராக்கம்மாவைக் கேட்டான். அவ பதில் சொன்னா பாரு, முழுசா அரை மணி நேரம்.

கதை ஆச்சு, கண்ணும் சொக்கியாச்சு. தூங்கு ராசா.