சாம்பாரில் கிடந்த மிளகாய்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை ஓரமாக வைத்துவிட்டு, கை கழுவிய பிறகு எடுத்துக்கொள்ளவும். இந்தக் கதையைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அருப்புக்கோட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் பேச்சியம்மாளுக்கு ஒரே மகள், முத்துச்செல்வி. புருஷன் இல்லாத வீடு. இடம் அமையாமல் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் விருதுநகர் சங்கிலிராஜின் மகன் நவநீதன் அமைந்தான். கட்டட இன்ஜினியர். சாந்தமான முகம், அதிர்ந்து பேசமாட்டான். முத்துச்செல்விக்கும் பிடித்திருந்தது. முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. "மதுரைக்கே போயிருவோம். ஊரையும் சுத்திக் காட்டுறேன்" என்றார் சங்கிலிராஜ். நால்வரும் ஒரே காரில் கிளம்பினார்கள்.

முதலில் பழைய அரண்மனை. சங்கிலிராஜ் ஒரு தூணைத் தட்டி, "ஒவ்வொண்ணும் ஒரே கல்லு. மலையில இருந்து அப்படியே வெட்டிக் கொண்டாந்து நட்டிருக்கான்" என்றார். அதே தூணில் காரை பெயர்ந்து செங்கல் பல்லிளித்தது. எவனோ தன் பெயரையும் காதலி பெயரையும் கீறிய இடம். கீறிய கையை ஒடிக்க வேண்டும், அது வேறு கதை. முத்துச்செல்வி இன்ஜினியரைப் பார்த்தாள்.

"ஆமாப்பா, ஒரே கல்லுதான்" என்றான் நவநீதன்.

அப்பா மனம் நோகக் கூடாதென்று இவர் அப்படிச் சொல்கிறார் போல என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

அடுத்து ஜவுளிக்கடை. முத்துச்செல்வி மயில்கழுத்து நிறப் புடவையில் கை வைத்தாள். நவநீதன் அவள் பக்கம் குனிந்து, "இதுதான் உனக்கு எடுப்பா இருக்கு" என்று மெல்லச் சொன்னான். சங்கிலிராஜோ அரக்கு நிறத்தை விரிக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடிகூட இல்லாமல், முந்தியில் அறுந்திருந்த ஒற்றைச் சரிகை இழையைக் கண்டுபிடித்து, வேறு கொண்டுவரச் செய்தார்.

"கல்யாணத்துக்கு அரக்குதான் லட்சணம். என்னடா?"

"ஆமாப்பா, அரக்குதான்."

அரக்குப் புடவையே பைக்குள் போனது. முத்துச்செல்வி அதையும் பொறுத்துக்கொண்டாள்.

பிறகு சாப்பாடு. சங்கிலிராஜ் முப்பது வருஷமாகச் சாப்பிடும் ஓட்டல். நானாக இருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன். கை கழுவும் தொட்டியில் முன்னே சாப்பிட்டவர்களின் சோறு அடைத்துக்கொண்டு மிதக்கிறது. மேசையைத் துடைத்த அதே துணியால் தம்ளரையும் துடைக்கிறார்கள். "மதுரையில சாப்பாடுன்னா இதுதான். இங்க சாப்பிட்டு ஒருத்தன் குறை சொன்னது கிடையாது" என்றபடி அவர் உட்கார்ந்தார். நவநீதன் தன் மோர்மிளகாயைக் கடித்து முடித்து, முத்துச்செல்வி இலையில் இருந்ததையும் எடுத்துக்கொண்டான். அவன் அப்படி உரிமையோடு எடுத்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

சாம்பார் வந்தது. அவள் சோற்றின்மேல், முருங்கைக்காயை ஒட்டி, முழுசாக வெந்த ஒரு கரப்பான் பூச்சி. மீசைகூடக் கழலவில்லை.

நாலு தலையும் அந்த இலைப்பக்கம் குனிந்தன.

"மிளகாய்ம்மா அது. வறுத்துப் போட்டிருக்கான். ஒதுக்கிட்டுச் சாப்பிடு" என்றார் சங்கிலிராஜ். அதே மூச்சில் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "சம்பந்தியம்மாவுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துப்பா. எனக்கு ரசம் போதும்" என்றார்.

பேச்சியம்மாள் மகளின் தொடையைக் கிள்ளினாள். "மிளகாய்தான்டி. பேசாமச் சாப்பிடு." சொல்லிவிட்டுத் தன் இலையில் ஊற்றிய சாம்பாரைப் பிசைந்து, கண்ணில் நீர் முட்ட விழுங்கினாள்.

முத்துச்செல்வி பூச்சியை மீசையைப் பிடித்துத் தூக்கினாள். கடையில் மூட்டையை நகர்த்தினால் நாலு ஓடும். கையாலேயே அடித்துப் பழகியவள். நவநீதனின் இலை ஓரத்தில் அதை வைத்தாள்.

"மிளகாய்னா உங்களுக்குப் பிடிக்குமே. எடுத்துக்குங்க."

நவநீதன் பூச்சியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். "ஆமாப்பா, மிளகாய்தான்" என்று வாயில் போட்டு மென்றான். நறுக்கென்று சத்தம் கேட்டது. சங்கிலிராஜ் மகனைப் பெருமையோடு பார்த்துக்கொண்டே ரசத்தை உறிஞ்சினார். தூ, இவர்களும் மனிதர்களா!

முத்துச்செல்வி எழுந்துபோய்க் கை கழுவினாள். புடவைப் பையைச் சங்கிலிராஜின் பக்கத்தில் வைத்தாள். "கல்யாணம் வேண்டாம் மாமா" என்றாள்.

ஊரில் அவளைத் திட்டாதவர்கள் குறைவு. "ஒரு பூச்சிக்கு அருவருத்து, அமைஞ்ச இடத்தைக் கெடுத்துக்கிட்டா" என்கிறார்கள். "அப்பன் மானத்துக்காக அதையே தின்னவன், கட்டினவளைக் கண்கலங்க விடுவானா?" என்றும் கேட்கிறார்கள். பேச்சியம்மாள் கல்லாவில் உட்கார்ந்து அழுகிறாள்.

நீங்கள் சொல்லுங்கள். பூச்சியை மிளகாய் என்றவர், அதற்கு ஒத்து ஊதிய தாய், மென்று தின்ற மகன், கல்யாணத்தை நிறுத்திய பெண். இவர்களில் யார் செய்தது சரி? முத்துச்செல்வி எதைக் கண்டு அருவருத்தாள்?

விடை: முத்துச்செல்வி செய்ததுதான் சரி. பூச்சிக்கு அருவருப்பவள் அதைக் கையால் தூக்கியிருக்க மாட்டாள். சங்கிலிராஜுக்குக் கண் மங்கல் என்று யாரும் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம். அறுந்த இழையைக் கண்ட கண் அது. மிளகாய் என்று நம்பியவர் தனக்கு மட்டும் ரசம் கேட்பாரா? அந்தப் பொய்க்கார மாமனாரோடுகூட அவள் குடித்தனம் செய்திருப்பாள். பேச்சியம்மாள் பயந்தவள், தானும் விழுங்கினாள், அவளை விட்டுவிடுவோம். செங்கல்லைக் கல் என்றவன், தனக்கே பிடித்த மயில்கழுத்தை விட்டுக்கொடுத்தவன், அன்றைக்கு ஒரே ஒரு தடவை "இது மிளகாய் இல்லப்பா" என்று சொல்லியிருந்தால் போதும். நாளைக்கு அவளைப் பற்றி அப்பா என்ன சொன்னாலும் அதற்கும் அவன் ஆமாப்பா போடுவானா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அதை அவன் இலையில் வைத்தாள். பதிலாக அவளுக்குக் கேட்டது அந்த நறுக்கென்ற சத்தம்.