டஸ்டர் தட்டும் பரிசு

"'உங்க சாக்பீஸ் தூசி என் பிள்ளை நெஞ்சுல இருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க.' இப்படியா டீச்சர் ஒரு தாய் பேசுவா? ஆஸ்பத்திரி வராண்டாவுல, அத்தனை பேர் முன்னால?"

"வேற எப்படிப் பேசணும்?" என்றார் எமிலியானா டீச்சர்.

கேட்ட ஜெசிந்தாவும் டீச்சர்தான்; தலை நரைத்துவிட்டது. ஆனாலும் மனசு தடுமாறினால் தனக்குப் பாடம் நடத்தியவரிடம்தான் போய் நிற்பாள். அன்று சனிக்கிழமை. தன் நாலாம் வகுப்புக்கே அவரைக் கூட்டிவந்து, குழந்தைகளின் பெஞ்சில் உட்கார வைத்துப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை அஞ்சலினுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. எனக்குத் தெரியும். அதனாலதான் ஓட விடல, குதிக்க விடல. முதல் பெஞ்சுல என் கண்ணெதிர்லயே வெச்சிருந்தேன்."

"போர்டுக்குப் பக்கத்துல."

"ஆமா."

"வேற என்ன செஞ்ச?"

"மத்தவங்க விளையாடும்போது அவ முகம் சுருங்கிப் போயிடும். பாவமா இருந்துச்சு. கணக்குல முதல் மார்க் வேற. அதான் டஸ்டர் தட்டுற வேலையை அவளுக்குக் கொடுத்தேன். நம்ம ஸ்கூல்ல அதுக்கு எவ்வளவு அடிபிடின்னு உங்களுக்குத் தெரியாதா?"

டீச்சர் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். ஒரு கதவில் மட்டும் பலகை உடைந்திருந்தது. அதன் வழியே வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. டஸ்டரை எடுத்து மேஜைமேல் ஓங்கித் தட்டினார்.

"உட்காரு. தூசி அடங்கினதும் பேசலாம்."

உட்கார்ந்தார்கள். வெயில் கோட்டில் வெள்ளைத் தூள் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. ஜெசிந்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் இருமினார். தூசி அடங்குகிற வழியாக இல்லை.

பொறுக்க முடியாமல் ஜெசிந்தா ஜன்னல் கொக்கியில் கை வைத்தாள்.

"இரு. பாடம் நடக்கும்போது திறப்பியா?"

"மாட்டேன். பிள்ளைங்க ரோட்டை வேடிக்கை பார்க்கும்."

"யார் சொன்னது?"

"நீங்கதான் டீச்சர். நான் இதே கிளாஸ்ல படிக்கும்போது."

"டஸ்டர் தட்டுறது பரிசுன்னு?"

கேட்டவருக்குப் பதில் தெரியும்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"எதுவும் உறுதியாச் சொல்லல. ஐசியூவுலதான் இருக்கா." கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். "அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"அவ பதில் கேக்கல. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்றா. உன்னால ஆகுமா?"

"ஆகாது."

"என்னாலயும் ஆகாது."

தூள் இன்னும் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது.

"பிள்ளை ஏதாவது பேசினாளா?"

"மாஸ்க்கை இறக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"'நான் வர்ற வரைக்கும் டஸ்டரை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க டீச்சர்.'"